வானாயீனா கெட்டவரா? – விடுமுறையில் படித்த 2 நாவல்களும் ஒரு மாணவியின் விடையும்



ஆசிரியர் அறையில் ஒருநாள் பேச்சுவாக்கில் ஒரு கேள்வி வந்தது. "நாமெல்லாம் தமிழ் ஆசிரியர்கள்தானே, பாடத்துக்கு வேண்டாத ஒரு நாவலைக் கடைசியா எப்ப படிச்சோம்?" எல்லாரும் சிரித்து மழுப்பினோம். எனக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தியது. நான் நாவல் படிக்கும்போது கையில் எப்போதும் பென்சில் இருக்கும். கருப்பொருள் வந்தால் ஒரு கோடு, உவமை வந்தால் ஒரு வட்டம், படிப்பினை கிடைத்தால் ஒரு நட்சத்திரம். அது படிப்பதல்ல, கேள்வித்தாள் தயாரிப்பது.

அதனால் இந்த முறை பள்ளி விடுமுறைக்குக் கெடாவில் உள்ள அம்மா வீட்டுக்குப் போனபோது பென்சிலை எடுத்துப் போகவில்லை. ப. சிங்காரம் எழுதிய 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்ற 2 நாவல்களை மட்டும் எடுத்துப் போனேன். அவற்றைப் பற்றிய என் கருத்துகளையும், பள்ளி திறந்த பிறகு வகுப்பில் நான் செய்த ஒரு தவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஆசிரியரைப் பற்றிக் கொஞ்சம். ப. சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். இளவயதிலேயே பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மெடான் நகருக்கு வந்து வட்டிக்கடையில் வேலை பார்த்தார். போர் முடிந்தபின் ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் நீண்ட காலம் பணியாற்றினார். அவர் எழுதியது 2 நாவல்கள்தாம். 'கடலுக்கு அப்பால்' கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959இல் நூலாக வந்தது. 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வந்தது. 1997இல் அவர் இறந்தார். தமிழ்நாட்டுக்காரர் எழுதிய நாவல்கள்தாம், ஆனால் கதை நடப்பது நம் வீட்டு வாசலில். பினாங்கும் மெடானும் அவருக்குக் கேட்டறிந்த ஊர்கள் அல்ல. பிழைத்த ஊர்கள்.

'கடலுக்கு அப்பால்' கதை சிக்கலில்லாதது. பினாங்கில் வட்டித்தொழில் நடத்தும் வயிரமுத்துப் பிள்ளையை எல்லாரும் வானாயீனா என்றே சொல்வார்கள். அவர் கடையில் வேலை செய்பவன் செல்லையா. முதலாளிக்கு அவன்மேல் பிரியம். மகள் மரகதத்தை அவனுக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணமும் வீட்டில் இருந்தது. இடையில் போர் வருகிறது. செல்லையா நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். ஜப்பான் சரணடைந்தபின் திரும்பி வருகிறான். வானாயீனாவுக்கு இப்போது அவன் வேண்டாம். துப்பாக்கி பிடித்தவன் பெட்டியடியில் உட்கார லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். கடையிலேயே வேலை செய்யும் நாகலிங்கம் என்ற இன்னொருவனுக்கு மகளைக் கொடுக்க நினைக்கிறார். மரகதம் மனத்தில் செல்லையாதான். ஆனால் அப்பா சொல்லை மீறத் தெரியாத பெண் அவள். காதல் கைகூடவில்லை.

பள்ளி திறந்ததும் ஐந்தாம் படிவ இலக்கிய வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். ஒரு பகுதியை வாசித்தும் காட்டினேன். பிறகு, "வானாயீனாவின் பாத்திரப் படைப்பைப் பற்றி உன் கருத்தை எழுதுக" என்று ஒரு கேள்வி கொடுத்தேன். பாடத்திட்டத்தில் இல்லாத நாவல் என்பதால் ஒரு பயிற்சிக்காகத்தான் கொடுத்தேன். ஏறக்குறைய எல்லாருமே ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். வானாயீனா எதிர்மறைப் பாத்திரம், பண ஆசை பிடித்தவர், மகளின் மனத்தை மதிக்காதவர், படிப்பினை: பெற்றோர் பிள்ளைகளின் விருப்பத்துக்கு மதிப்பளிக்க வேண்டும். நான் மனத்தில் போட்டு வைத்திருந்த விடைக்குறிப்பும் அதேதான்.

ஒரு மாணவி மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். அவள் அப்பா மளிகைக்கடை வைத்திருப்பவர். அவள் எழுதியதன் சாரம் இதுதான்: வானாயீனா கெட்டவர் இல்லை. அவர் செல்லையாவை வெறுக்கவில்லை, செல்லையாவைப் பார்த்துப் பயப்படுகிறார். கடைக்குக் கடன்காரன் வந்து கத்தினால் பொறுத்துக்கொண்டு புன்னகை செய்யத் தெரிந்த ஆள் வேண்டும். ராணுவத்தில் ஆணையிட்டுப் பழகியவனுக்கு அது முடியுமா? அப்பா யோசித்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்துக்கு மரகதம்தான் விலை கொடுக்கிறாள்.

நான் அந்தத் தாளில் என்ன செய்தேன் தெரியுமா? "கேள்வியை ஒட்டி எழுதவும்" என்று சிவப்பு மையில் எழுதி, 10க்கு 4 போட்டேன்.

அன்று இரவு மறுபடியும் நாவலைப் புரட்டினேன். அவள் சொன்னதுதான் நாவலில் இருக்கிறது. சிங்காரம் வானாயீனாவைக் கொடுமைக்காரராக எழுதவே இல்லை. அந்தத் தொழிலின் நடைமுறை அப்படி. கடைக்குப் பெட்டியடிப் பையனாக வந்து, கணக்கு வழக்குப் பழகி, அடுத்தாளாகி, பிறகுதான் மேலாள் ஆக முடியும். ஒவ்வொரு படியிலும் பணிவுதான் முதல் தகுதி. ஒருவன் நேர்மையானவனா, சுறுசுறுப்பானவனா என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான். அதோடு காலத்தையும் பார்க்க வேண்டும். ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு போர் முடிந்ததும் செல்லாக்காசானது. வட்டிக்கடைக்காரருக்கு அது எத்தனை பெரிய அடி! அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு முதலாளி கடையையும் மகளையும் சேர்த்து ஒருவன் கையில் கொடுக்கும்போது துணிச்சல்காரனைத் தேடுவாரா, அடங்கிப் போகிறவனைத் தேடுவாரா? சோகம் இதுதான்: செல்லையாவிடம் எது வளர்ந்ததோ அதுவே அவனுக்கு எதிராகிறது. அவன் கெட்டுப்போய்த் தோற்கவில்லை. மேலும் நல்ல ஆளாகி, அதனாலேயே தோற்கிறான்.

இதற்கு எந்தப் படிப்பினையை எழுதுவது? விடாமுயற்சியா, பெற்றோரை மதித்தலா, நாட்டுப்பற்றா? எதை எழுதினாலும் பாதி உண்மைதான். மறுநாள் அந்த மாணவியின் தாளை வாங்கி மதிப்பெண்ணை மாற்றினேன். வகுப்பு முன்னாலேயே, "டீச்சர் சரியாப் படிக்கல, இவ சரியாப் படிச்சிருக்கா" என்று சொன்னேன். சொல்லும்போது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அவளைவிட எனக்குத்தான் அந்தப் பாடம் தேவைப்பட்டது.

'புயலிலே ஒரு தோணி' இதைவிடப் பெரிய உலகம். ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழையும் காலத்தில் கதை தொடங்குகிறது. நாயகன் பாண்டியன். அவனும் வட்டிக்கடையிலிருந்து வந்தவன்தான். மெடானிலிருந்து பினாங்குக்குக் கடல் கடந்து வருகிறான். நடுக்கடலில் தொங்கானைப் புயல் தாக்கும் பகுதியைப் படித்தபோது, பினாங்கு ஃபெர்ரியில் எத்தனையோ முறை போன எனக்கே அந்தக் கடல் புதிதாகத் தெரிந்தது. பிறகு ராணுவம், அரசியல், இந்தோனேசிய விடுதலைப் போர் என்று வாழ்க்கை அவனை இழுத்துக்கொண்டே போகிறது. கடைசிவரை அவன் மனத்தில் சின்னமங்கலம் என்ற அவன் ஊரும் மதுரைத் தெருக்களும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் ஊர் போய்ச் சேராமலே அவன் கதை முடிகிறது.

உண்மையைச் சொன்னால் முதல் 50 பக்கம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மலாய்ச் சொல், டச்சுச் சொல், சீனர் பேச்சு, வட்டிக்கடைப் பேச்சு, நடுவில் பழைய இலக்கியத் தமிழ், எல்லாம் கலந்து வருகின்றன. பாண்டியன் யோசிக்கும்போது வாக்கியங்கள் பாதியில் முறிந்து வேறு இடத்துக்குத் தாவுகின்றன. இரண்டாம் நாள் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். அப்போது பிடிபட்டது. நம் பிள்ளைகளும் இப்படித்தானே பேசுகிறார்கள்! வீட்டில் ஒரு தமிழ், ஒட்டுக்கடையில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம். கட்டுரையில் பிறமொழி கலந்தால் மதிப்பெண் போகும் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம், அது சரிதான். ஆனால் தெரியாமல் கலப்பது வேறு, ஓர் ஊரின் சத்தத்தைக் காட்டுவதற்காகத் தெரிந்தே கலப்பது வேறு. இந்த வேறுபாட்டை வகுப்பில் காட்ட இதைவிட நல்ல நாவல் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாவலில் தமிழர் பெருமைப் பேச்சைக் கிண்டல் செய்யும் இடங்கள் உண்டு. தமிழாசிரியை என்ற முறையில் முதலில் எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், பழம்பெருமையை மேடையில் முழங்கிவிட்டு மறுநாள் ஒன்றும் செய்யாமல் இருக்கும் பழக்கத்தைத்தான் அவர் கிண்டலடிக்கிறார். அந்தக் கிண்டலைச் செய்யவே இலக்கியத்தை நன்றாகப் படித்திருக்க வேண்டும். அவர் படித்திருக்கிறார்.

இரண்டில் எது சிறந்தது? தமிழ் நாவல் உலகில் 'புயலிலே ஒரு தோணி'க்குத்தான் பெரிய பெயர். அது நியாயமான பெயர். ஆனாலும் வகுப்புக்கு எது என்று கேட்டால் 'கடலுக்கு அப்பால்' என்பேன். அளவில் சிறியது, கட்டுக்கோப்பானது, மூன்று நான்கு பேருக்குள் முழுக் கதையும் அடங்கிவிடுகிறது. 'புயலிலே ஒரு தோணி'யில் வன்முறையும் விலைமாதர் தெருக் காட்சிகளும் வருவதால் ஆறாம் படிவத்துக்கும் ஆசிரியர்களுக்கும்தான் பரிந்துரைப்பேன். சின்னப் பிள்ளைகளிடம் முழு நூலையும் கொடுத்துவிடாதீர்கள்.

குறைகளும் உண்டு. பெண்கள் இரண்டு நாவலிலும் ஆண்களின் நினைவுக்குள்தான் பெரும்பாலும் வாழ்கிறார்கள். மரகதம் என்ன நினைத்தாள் என்று அவள் பக்கம் நின்று நாவல் அதிக நேரம் கேட்கவில்லை. என் மாணவி ஒரே வரியில் கேட்டுவிட்டாள்.

அடுத்த குறை எனக்குச் சொந்தமானது. என் தாத்தா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அவருடைய அண்ணன் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர், திரும்பவில்லை. வீட்டில் அவர் படம்கூட இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதே ஆண்டுகளில், அதே கடலோரத்தில் நடக்கும் சிங்காரத்தின் கதைகளில் அவரைப் போன்றவர்களைத் தேடினேன். கடைக்காரர்களும் வீரர்களும் அங்கே முழு உருவத்தோடு இருக்கிறார்கள். தோட்டத்துச் சனம் மையத்துக்கு வரவில்லை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, ஒருவர் வாழ்ந்த உலகத்தைத்தான் எழுத முடியும். ஆனால் அந்தக் காலத்தை மாணவர்களுக்கு இந்த நாவல்களை மட்டும் வைத்துச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். மீதிக்கு நம் நாட்டு எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே போர், இரண்டு வகைத் தமிழர்கள்.

மாணவர்களே, இனி உங்களுக்கு. தேர்வில் எந்த நாவல் வந்தாலும், பாத்திரப் படைப்புக் கேள்விக்கு எழுதும் முன் 3 கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பாத்திரம் எதை விரும்புகிறது? எதற்குப் பயப்படுகிறது? அதன் முடிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? பண்புப் பெயரை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

"வானாயீனா கண்டிப்பானவர்" என்று மட்டும் எழுதினால் அது பெயர்ப்பலகை. "வானாயீனா தம் தொழில் தம்மோடு முடிந்துவிடக் கூடாது என்று அஞ்சுகிறார், அதனால் தாம் விரும்பிய செல்லையாவையே ஒதுக்குகிறார், அந்த முடிவின் சுமை மரகதத்தின்மேல் விழுகிறது" என்று எழுதினால் அது கருத்து. கண்டிப்பு என்ற பண்பும் அதற்குள் இருக்கிறது, சான்றும் இருக்கிறது. அதே நேரம் கேள்வி கேட்டதை விட்டு விலகிப் போகாதீர்கள். நற்பண்புகளைக் கேட்டால் நற்பண்புகளைத்தான் எழுத வேண்டும். கதையில் சான்று இல்லாத புதுக் கருத்தும் வெறும் கற்பனையாகத்தான் நிற்கும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்துக்கு ஒரு பாடவேளை, விடைக்குறிப்பு இல்லாத ஒரு கேள்வியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். திருத்தும்போது ஒரு தாளாவது நம்மை மறுபடி நூலைப் புரட்ட வைக்கும்.

அந்த மாணவி இப்போது 'கடலுக்கு அப்பால்' நாவலை இரவல் வாங்கிப் போயிருக்கிறாள். "டீச்சர், அப்பாவும் படிக்கிறாரு, கடையில உக்காந்து" என்று போன வாரம் சொன்னாள். அவர் வானாயீனாவைப் பற்றி என்ன சொல்லப்போகிறார் என்று கேட்கக் காத்திருக்கிறேன்.