பண்டமாகும் பாட்டு: 'ஸ்லேட் இன் பிளேம்' திரைப்படம் பற்றிய சில கருத்துக்கள்

வெகுசன இசை, வெகுசனத் திரைப்படம் ஆகியன பற்றி முற்போக்கு விமரிசனம் நெடுங்காலமாகக் கொண்டிருந்த மனப்பாங்கு ஒருவகை முன்முடிவே எனின் மிகையாகாது. அவை மக்களை மயக்கும் சாதனங்கள். எனவே கண்டிக்கத்தக்கனவேயன்றி ஆராயத்தக்கன அல்ல என்பதே அம்முன்முடிவு. அடோர்ணோவும் ஹோர்க்ஹைமரும் 1940களில் 'பண்பாட்டுக் கைத்தொழில்' எனும் கருத்தை முன்வைத்தபோது, இத்துறையின் உற்பத்தி முறையினையே முதன்மைப்படுத்தினர். ஆயின் அவர்களைத் துணைக்கழைத்த பலர் உற்பத்தி முறையை மறந்து, கண்டனத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டனர். ஆலைத் தொழிலாளியின் உழைப்பை நுணுகி ஆராயும் நாம், மேடையில் பாடுபவனின் உழைப்பை உழைப்பாகவே கொள்வதில்லை. இந்நிலையில், ஒரு றொக் இசைக்குழுவின் கதையைக் கூறும் பிரித்தானியத் திரைப்படமொன்று இவ்விடயத்தில் எம்மிற் பலரைவிடத் தெளிவாகச் சிந்தித்திருப்பதை அவதானிக்க முடிகின்றது.

1975ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த 'ஸ்லேட் இன் பிளேம்' றிச்சட் லொங்கிறெயின் நெறிப்படுத்தியது. திரைக்கதையை அன்ட்றூ பேர்க்கின் எழுத, டேவ் ஹம்ப்றீஸ் உரையாடலுக்கு உதவினார். ஸ்லேட் என்னும் மெய்யான இசைக்குழுவினர் நால்வரும் 'பிளேம்' என்னும் கற்பனைக் குழுவினராக நடித்தனர். நொடி ஹோல்டர் ஸ்ரோக்கராகவும், ஜிம் லீ போலாகவும், டேவ் ஹில் பரியாகவும், டொன் பவல் சார்ளியாகவும் தோன்றினர். ஸ்ரோக்கர் என்ற பெயரே உலைக்கு நிலக்கரி இடுபவனைச் சுட்டுவதென்பது மனங்கொளத்தக்கது.

இக்குழுவின் பின்னணியை விளங்கிக்கொள்ளாமல் படத்தின் துணிவை மதிப்பிட இயலாது. நிலக்கரிப் புகையாலும் உருக்காலைகளாலும் 'கறுப்பு நாடு' எனப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் நடுப்பகுதித் தொழிற்பிரதேசத்தையும் அதன் அயலையும் சேர்ந்தவர்கள் இவர்கள். 1971க்கும் 1973க்கும் இடையில் ஆறு தடவை பிரித்தானிய இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றனர். தம் பாடல்களின் தலைப்புக்களை அகராதி எழுத்துக்கூட்டலில் எழுதாது, தம் பிரதேசத்து உச்சரிப்புக்கேற்பவே எழுதினர். பாடசாலை ஆசிரியர்கள் முகஞ்சுழித்தனராம், சுழித்திருப்பர், ஐயமில்லை. பளபளக்கும் உடையும் உயர்ந்த குதிகொண்ட பாதணியும் அணிந்த இக்களியாட்டக்காரரிடம் இரசிகர்கள் எதிர்பார்த்தது, பீற்றில்ஸ் குழுவினரைக்கொண்டு றிச்சட் லெஸ்ரர் 1964இல் உருவாக்கிய படத்தைப் போன்றதொரு குதூகலத்தையே. முதலில் அவர்கள் முன் வைக்கப்பட்டதும் ஒரு கேலிக்கதையே. அவர்கள் அதனை ஏற்கவில்லை. கதாசிரியர் குழுவினரோடு அமெரிக்கச் சுற்றுப்பயணத்திற் கூடச்சென்று, இசைக்குழுக்கள் பலவற்றின் வாழ்விற் கண்டனவும் கேட்டனவுமான நிகழ்ச்சிகளைத் தொகுத்தார். அவற்றிலிருந்து எழுந்த கதை கசப்பானது.

கதை 1960களின் பிற்பகுதியில் நிகழ்கின்றது. தொழில்நகரொன்றின் மண்டபங்களிற் பாடித்திரியும் இளைஞர் சிலர் ஒன்றுசேர்கின்றனர். அவர்களை முதலில் ஒப்பந்தத்திற் பிணைப்பவன் ஹார்டிங் எனும் உள்ளூர்த் தரகன், அடியாட்களை வைத்திருப்பவன். பின்னர் இலண்டனிலிருந்து சீமோர் என்னும் கனவான் வருகின்றான். ரொம் கொன்ரி நடித்த இப்பாத்திரத்துக்கு இசையில் நாட்டமேயில்லை. சிகரெட்டை எவ்வாறு சந்தைப்படுத்துவதோ அவ்வாறே பாடகரையும் சந்தைப்படுத்தலாம் என்பது அவன் துணிபு. குழு புகழடைகின்றது. புகழ் வந்ததும் ஹார்டிங் தன் பழைய கடதாசியைத் தூக்கிக்கொண்டு உரிமை கோருகின்றான்.

இவ்விரு முதலாளிகளையும் படம் எவ்வாறு நிறுத்துகின்றது என்பதிலேயே அதன் சிறப்புத் தங்கியுள்ளது. சாதாரணத் திரைக்கதையாயின் ஒருவன் கொடியவன், மற்றவன் மீட்பன். இங்கோ இருவரும் ஒரே உறவின் இரு காலகட்டங்கள். ஹார்டிங் அச்சுறுத்தலால் உடைமை கொள்பவன். சீமோர் ஆவணத்தால் உடைமை கொள்பவன். முன்னவனின் அடியாட்கள் பின்னவனின் குடும்பத்தவர் வாழும் வீட்டினுள் நுழையும்போது, நாகரிகமான மூலதனம் தன் மூதாதையை வாசலிற் காண்கின்றது. சீமோர் அப்பொழுது எடுக்கும் முடிவு கணக்காளனின் முடிவேயாகும்: இச்சரக்கு இனிச் செலவுக்குத் தகாது. ஹார்டிங் கோரிய குழுவை அவனிடமே விட்டுவிடுகின்றான். ஆயின் அதற்குள் குழு சிதறிவிட்டது. மனிதர் இல்லாத ஒப்பந்தம் ஒன்றே ஹார்டிங்கின் கைக்கு எஞ்சுகின்றது. பண்டத்துக்குப் பின்னால் உயிருள்ள உழைப்பு இருந்ததென்பதை இருவருமே அது நீங்கிய பின்னரே உணர்கின்றனர். இதனைப் படம் பிரசங்கமாகச் சொல்லவில்லை.

கடற்கோட்டைக் காட்சி தனித்து நோக்கத்தக்கது. பிரித்தானியாவில் ஒலிபரப்பு அரச ஏகபோகமாயிருந்த காலத்தில், 1964 முதல், கப்பல்களிலும் தேம்ஸ் முகத்துவாரத்துப் போர்க்காலக் கோட்டைகளிலும் இருந்து அனுமதியற்ற வானொலிகள் இயங்கின. இளைஞருக்கு அவை விடுதலையின் குரலாக ஒலித்தன. நடத்தியோர்க்கோ அவை விளம்பர வருமானம். 1966இல் அத்தகைய வானொலியொன்றின் உரிமையாளரான றெஜினோல்ட் கல்வேட், போட்டி வானொலியொன்றைச் சேர்ந்தவரால் வணிகப் பிணக்கொன்றின் விளைவாகச் சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டவர் விடுதலை செய்யப்பட்டார். மறு ஆண்டு அவ்வானொலிகளுக்கெதிரான சட்டம் வந்தது. படத்தில் பிளேம் குழுவினர் இத்தகைய கோட்டையொன்றுக்குப் பேட்டிக்காகச் செல்லும்போது துப்பாக்கி வேட்டுக்கள் கேட்கின்றன. உயிரச்சம் செய்தியாகின்றது, செய்தி விற்பனையாகின்றது. வரலாற்றில் நிகழ்ந்த குருதியைப் படம் விளம்பரத்தின் மொழிக்கு மாற்றிக் காட்டுகையில் சிரிப்பு எழுகின்றது. ஆயினும் அது தொண்டையிற் சிக்கும் சிரிப்பே.

நடிப்புப் பற்றி ஒன்று கூறவேண்டும். தொழில்முறை நடிகரல்லாத நால்வருள் டொன் பவலே எம்மை மிகக் கவர்ந்தார். 1973இல் நேர்ந்த கார் விபத்தில் தம் காதலியை இழந்து, தாமும் கடுங்காயமுற்று, நினைவாற்றல் குன்றிய நிலையில் அவர் நடித்தார். கால்வாய்க்கரையில், புகழின் நடுவே பழைய வாழ்வை நோக்கித் திரும்பும் சார்ளியின் தயக்கமான பேச்சில் பாத்திரத்தின் தடுமாற்றமும் நடிகரின் தடுமாற்றமும் பிரிக்கவொண்ணாதவாறு கலந்துவிடுகின்றன. இதனை நடிப்புத்திறன் என்பதா? எப்பெயரிடினும், அக்காட்சியின் உண்மை பயிற்சி பெற்ற நடிகரிடத்தும் எளிதிற் கிட்டாதது.

தொழிலாளர் வாழ்வைச் சித்திரித்த 1960களின் பிரித்தானியப் படங்களின் வழித்தோன்றலாகவே இதனைக் கொள்ளல் வேண்டும். லின்ட்சே அன்டர்சனின் 'திஸ் ஸ்போர்ட்டிங் லைப்' (1963) படத்தில், றக்பி ஆட்டக்காரனாகும் சுரங்கத் தொழிலாளியின் உடலை ஆலை முதலாளி விலைகொடுத்து வாங்குகின்றார். அங்கு நாம் காண்பது தனிமனிதனின் அவலம். 'பிளேம்' காட்டுவதோ ஒரு கூட்டின் அழிவு. நால்வர் கூடிச் செய்த வேலையின் பயன், யார் முகம் படத்தில் முன்னிற்பது, யார் பாட்டை எழுதியது என்ற பூசல்களாகச் சிதைகின்றது. நண்பர்கள் போட்டியாளராகும் இப்படிமுறை மிக நுட்பமாகத் தீட்டப்பட்டுள்ளது.

எனினும் இவ்விடத்திலேயே படத்தின் குறைபாடும் வெளிப்படுகின்றது. பிரித்தானிய இசைக்கலைஞர் 1893இலேயே மான்செஸ்ரரில் தொழிற்சங்கம் அமைத்தனர். இக்கதையின் போக்கில் அத்தகைய கூட்டுச்செயலுக்கு இடமேயில்லை. அடங்குவது அல்லது விலகுவது என்ற இரண்டே வழிகள் நால்வர்க்கும் உள்ளன. எதிர்ப்பு என்பது ஆளுக்காள் கதவை அறைந்து வெளியேறுவதாகச் சுருங்கிவிடுகின்றது. பெண்பாத்திரங்களின் நிலை இன்னும் மோசம். அவர்கள் ஆண்களின் பயணத்துக்குத் துணையாகவோ தடையாகவோ மாத்திரம் வந்துபோகின்றனர். சுரண்டலை இத்துணைக் கூர்மையாகக் கண்ட கண் வீட்டினுட் புகும்போது மங்கிவிடுவது வியப்புக்குரியது. கூச்சலிடும் இரசிகர் திரளும் ஒரு பின்னணி ஓசையே. அவர்களுள் ஒருவருக்கேனும் முகமில்லை.

முகமற்ற அத்திரள் உண்மை வாழ்வில் அளித்த தீர்ப்பு யாது? படத்தின் பாடல்களைக் கொண்ட இசைத்தட்டு 1974 நவம்பரிலேயே வெளியாகி நன்கு விற்பனையானது. படமோ இரசிகரைத் திகைக்கவைத்தது. 1971 இறுதியிலிருந்து பிரித்தானியாவில் குழுவினர் வெளியிட்ட தனிப்பாடல்கள் யாவும் முதல் ஐந்து இடங்களுள் வந்தவை. படத்தின் முகப்புப் பாடல் 1975இல் பதினைந்தாம் இடத்தோடு நின்றது. அவ்வாண்டே அவர்கள் அமெரிக்கச் சந்தையை நாடிச் சென்றனர். இரசிகரை ஏமாளிகளெனக் கூறிக் கடந்துசெல்ல நாம் விரும்பவில்லை. பகலெல்லாம் ஆலையிலும் அங்காடியிலும் உழைத்தவர்கள், தமது ஒரேயொரு களியாட்டமும் ஆலையே என்று கூறக்கேட்க மறுத்தமை அறியாமையாகாது. அவர்களுக்கு அக்களியாட்டம் தேவைப்பட்டது. அத்தேவையின் நியாயத்தை அடோர்ணோவின் நோக்கால் விளக்குவது கடினம். படமும் அதனை விளக்க முயலவில்லை.

காலப்போக்கில் இப்படத்துக்கு ஆர்வலர் வட்டமொன்று உருவாகியது. மார்க் கெமோட் போன்ற விமரிசகர் இதனை ஓர்சன் வெல்ஸின் 'சிற்றிசன் கேனு'க்கு ஒப்பிடுமளவுக்குச் சென்றனர். அது சற்று மிகையே. 2025இல் பிரித்தானியத் திரைப்பட நிறுவகம் படத்தைப் புதுப்பித்து மீண்டும் திரையிட்டது. ஐம்பதாண்டு நிறைவையொட்டிய அவ்வெளியீட்டில், சிகரெட்டுப் பெட்டியைப்போல விற்கப்பட்ட நான்கு இளைஞரின் கதை, அழகிய உறையிலிட்ட வட்டுக்களாகவும் விற்பனைக்கு வந்தது.