அழகுப் பொருள்களில் சிலிக்கோன்: பயனும் எச்சமும்

ஷாம்பு, கண்டிஷனர், ஹேர் சீரம், ஃபவுண்டேஷன், சன்ஸ்கிரீன் ஆகியவற்றின் உறைகளில் அச்சிடப்படும் மூலப்பொருள் பட்டியலில் டைமெத்திகோன், அமோடைமெத்திகோன், சைக்ளோபென்டாசிலோக்சேன் போன்ற பெயர்கள் அடிக்கடி தென்படும். மூன்றும் சிலிக்கோன் குடும்பத்தைச் சேர்ந்தவை. சிலிக்கான் அணுவும் ஆக்சிஜன் அணுவும் மாறி மாறிக் கோத்த சங்கிலியோ வளையமோ இவற்றின் அடிப்படை. பெரும்பாலும் ஒவ்வொரு சிலிக்கான் அணுவிலும் இரண்டு மெத்தில் தொகுதிகள் ஒட்டியிருக்கும். மணலிலும் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு உண்டு என்பதைக் காட்டி இதை இயற்கைப் பொருளாக விற்பவர்கள் இருக்கிறார்கள். அது பொருந்தாது. கார்பன் நேரடியாகச் சிலிக்கானோடு பிணைந்த இத்தகைய சேர்மங்கள் ஆலையில் மட்டுமே உருவாகின்றன.

தயாரிப்பு குவார்ட்ஸ் கல்லில் தொடங்குகிறது. அதைக் கரியோடு சேர்த்து மின்வில் உலையில் ஏறத்தாழ 2,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கி, ஆக்சிஜனை நீக்கிச் சிலிக்கானைப் பிரிக்கிறார்கள். ஒரு டன் சிலிக்கானுக்குச் சுமார் 12,000 யூனிட் மின்சாரம் செலவாகும். அடுத்த படி ‘நேரடி முறை’. பொடித்த சிலிக்கானோடு செம்பு வினையூக்கியைக் கலந்து, சுமார் 300 டிகிரியில் மெத்தில் குளோரைடு வாயுவைச் செலுத்துவார்கள். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் யூஜின் ரோக்கோ 1940-இல் இதைக் கண்டறிந்தார்; ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியில் ரிச்சர்டு முல்லரும் தனியே கண்டறிந்தார். அதற்கு முன் நாட்டிங்ஹாமில் ஃபிரடெரிக் கிப்பிங் பல பத்தாண்டுகள் இந்தச் சேர்மங்களை ஆராய்ந்திருந்தார். ஆனால் குடுவையில் பிசுபிசுவென்று படிந்த பொருளில் பெரிய பயன் எதையும் அவர் காணவில்லை.

நேரடி முறையில் பல குளோரோசிலேன்கள் கலவையாக வெளிவரும். தேவைப்படுவது முக்கியமாக இரண்டு குளோரின் கொண்ட டைமெத்தில்டைகுளோரோசிலேன். அதன் கொதிநிலை 70 டிகிரி. மூன்று குளோரின் கொண்டதோ 66 டிகிரியில் கொதிக்கும். இந்த நான்கு டிகிரி வேறுபாட்டை வைத்துப் பிரிப்பதற்கே மிக உயரமான வடிகோபுரங்கள் வேண்டியிருக்கின்றன. பிரிக்காமல் விட்டால் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து எண்ணெய்க்குப் பதில் பிசின் கிடைக்கும். தூய்மையானதை நீரோடு வினைபுரியச் செய்தால் குறுஞ்சங்கிலிகளும் வளையங்களும் உருவாகும். உடன் வரும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மெத்தனாலோடு சேர்த்து மீண்டும் மெத்தில் குளோரைடாக்கிவிடலாம் என்பது இந்தத் தொழிலின் பாராட்டத்தக்க சிக்கனம். நான்கு சிலிக்கான் அணு கொண்ட வளையம் டி4, ஐந்து கொண்டது டி5. வளையங்களைத் திறந்து நீட்டினால் டைமெத்திகோன். சங்கிலி எங்கே முடிய வேண்டும் என்பதை முனையடைப்புச் சேர்மத்தின் அளவு தீர்மானிக்கிறது. அதைக் கூட்டிக் குறைத்தே நீர்போல் ஓடும் திரவம் முதல் கெட்டிப் பசை வரை செய்துகொள்கிறார்கள். வினை முழுமை அடைவதில்லை. நீண்ட சங்கிலிச் சரக்கிலும் சிறிதளவு டி4 தங்கிவிடும்.

சிலிக்கான்–ஆக்சிஜன் சங்கிலி எளிதில் வளையும், சுழலும். வெளியே நிற்கும் மெத்தில் தொகுதிகள் ஒன்றையொன்று வலுவாக ஈர்ப்பதில்லை. எனவே பரப்பு இழுவிசை மீட்டருக்கு 21 மில்லிநியூட்டன் அளவிலேயே நிற்கிறது. நீருக்கு அது 72. தோலில் மெல்லிய படலமாகப் பரவுவதும் பிசுபிசுக்காமல் இருப்பதும் இதனால்தான். தாவர எண்ணெய்போல் இது சிக்கு வாடை அடிப்பதும் இல்லை. தோலின் மூச்சை அடைத்துவிடும் என்ற புகாருக்கு ஆதாரம் குறைவு: டைமெத்திகோன் படலம் நீராவியை வெளியே விடும், வாசலின்தான் அதைவிட அதிகம் தடுக்கும். நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் தோலுக்குள் புகுவதும் அரிது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் டைமெத்திகோனை 1 முதல் 30 சதவீதம் வரை தோல் காப்புப் பொருளாக ஏற்கிறது. திரவ சிலிக்கோனை ஊசியால் உடலுக்குள் ஏற்றுவதன் ஆபத்து வேறு விஷயம். அதைக் காட்டிப் பூச்சைக் குறை சொல்வது நியாயமாகாது.

முடியைப் பொறுத்தவரை கணக்கு இவ்வளவு நேராக இல்லை. சிதைந்த முடியின் பரப்பில் எதிர்மின் தன்மை கூடுதல். அமோடைமெத்திகோனில் உள்ள அமீன் தொகுதிகள் நேர்மின் ஏற்று, சிதைவு மிகுந்த இடத்தை நாடியே ஒட்டுகின்றன. சீப்பு வழுக்கிச் செல்லும், முடி உடைவது குறையும். இது உண்மையான பயன். ஆனால் விளம்பரம் சொல்லும் ‘பழுது நீக்கம்’ நடப்பதில்லை; பிளந்த நுனி உள்ளே பிளந்தபடியே இருக்கிறது. தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைப்பதை 2003-இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. சிலிக்கோன் மேலே நிற்கிறது. மெல்லிய முடியில் திரும்பத் திரும்பப் படிந்தால் முடி கனத்துத் தொங்கவும் செய்யும்.

வலுவான குற்றச்சாட்டு குளியலறைக்கு வெளியே இருக்கிறது. டி5 பூசியதும் ஆவியாகிவிடும். காற்றில் ஹைட்ராக்சில் தனியுறுப்புகள் அதைச் சில நாள்களில் சிதைக்கும். கழுவி விடப்படும் பங்கோ சாக்கடைக் கசடிலும் நீர்நிலைச் சேற்றிலும் படிந்து நெடுங்காலம் கிடக்கிறது. டி4 கருவளத்தைப் பாதிக்கக்கூடும் என்ற ஐயம் வேறு. ஐரோப்பிய ஒன்றியம் கழுவிவிடும் பொருள்களில் டி4, டி5 அளவை 2020 ஜனவரி 31 முதல் 0.1 சதவீதத்துக்குக் கீழே கட்டுப்படுத்தியது. கனடா 2012-இல் எதிர்முடிவுக்கு வந்தது: டி5 சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யும் அளவில் இல்லை என்றது. ஐரோப்பா பொருளின் அழியாத் தன்மையை முதன்மையாக எடைபோட்டது. கனடா நிகழக்கூடிய கேட்டை எடைபோட்டது. அழியாத பொருளில் தவறு பின்னால் தெரிந்தால் திரும்பப் பெற வழியில்லை என்பதால் ஐரோப்பாவின் எச்சரிக்கையே ஏற்கத்தக்கது.

நீண்ட சங்கிலிகளை நுண்ணுயிர்கள் எளிதில் தின்பதில்லை. ஆனால் உலர்ந்த மண்ணில் களிமண் அவற்றை மெல்ல உடைக்கிறது. சிலிக்கோனுக்கு மாற்றாக வரும் ஐசோடோடெகேன் பெட்ரோலியத்திலிருந்து வருவது. தேங்காய், பனை எண்ணெய்வழி ஆல்கேன்கள் பரவும், ஆவியாகும். ஆனால் சிலிக்கோனின் வழுக்கலைத் தனியே தருவதில்லை. ஆகவே ‘சிலிக்கோன் இல்லாதது’ என்ற முத்திரை தன்னளவில் தரச்சான்று ஆகாது. வெடிப்புத் தோல் களிம்பிலும் நீர்புகா சன்ஸ்கிரீனிலும் நீண்ட சங்கிலிக்கு இடமுண்டு. கழுவிவிடும் பொருளில் ஆவியாகும் வளையத்துக்கு இடமில்லை. டி6 வளையத்தையும் சேர்த்து, கழுவாமல் விடும் பூச்சுகளுக்கும் 2027 ஜூன் முதல் பொருந்தும்படி ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் விதியை விரித்திருக்கிறது.