கார்சனின் பகர அடைப்புகள்

கவிஞர் ஆன் கார்சன் என்றதும் நண்பர்கள் அவருடைய ‘நாக்ஸ்’ பக்கம் போய்விடுகிறார்கள். போகட்டும். எனக்கு 2002இல் வந்த, பண்டைக் கிரேக்கக் கவி சாஃபோவின் துணுக்குகளுக்கு அவர் செய்த மொழிபெயர்ப்பு போதும். அதிலும் குறிப்பாக அந்தப் பகர அடைப்புகள். பக்கம் முக்கால்வாசி வெற்றுத்தாள். ஓரத்தில் ஓர் அடைப்பு, இரண்டு சொல், கீழே மறுபடி அடைப்பு. பாப்பிரஸ் கிழிந்த இடத்தில் வாசிக்கிறவன் மூச்சும் தடைப்படும்.

கிரேக்க மூலத்தின் பதிப்பாசிரியர் போட்ட குறிகளையெல்லாம் அவர் அப்படியே எடுத்து வைக்கவில்லை. வைத்திருந்தால் பக்கம் முள்வேலியாகியிருக்கும். எங்கே போடுவது, எங்கே விடுவது என்பது ரசனையின் தீர்ப்பு. முன்னுரையில் அவரே அதை மறைக்காமல் சொல்கிறார். பழைய ஆசிரியர்களின் மேற்கோளில் பிழைத்த வரிகளுக்கு அடைப்பே கிடையாது. கந்தலாகிக் கிடைத்தவற்றுக்குத்தான் அந்த மரியாதை.

மேரி பர்னார்டின் 1958 மொழிபெயர்ப்பே மேல் என்பவர்கள் உண்டு. இனிமையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கேயும் ஒன்றும் தொலையாததுபோல் எல்லாம் கச்சிதமாக இருப்பது எனக்கு உறுத்துகிறது.

58ஆம் துணுக்கைப் பாருங்கள். முதுமையில் முழங்கால் தளர்வதும், சாகாவரம் பெற்றும் மூப்படைந்த தித்தோனஸின் கதையும் வருகிற கவிதை. கார்சன் கையில் கிடைத்தது எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் குப்பைமேட்டுச் சுவடி. அடிகளின் பின்பாதிதான் மிச்சம். அதனால் இடது ஓரம் நெடுக அடைப்பு. 2004இல் கொலோன் பாப்பிரஸ் வெளியாகி அந்த முன்பாதிகளில் பெரும்பகுதியை மீட்டது. எஞ்சிய இடைவெளிகளைக் கிரேக்க அறிஞர் மார்ட்டின் வெஸ்ட் ஊகித்து நிரப்பினார். புலமைக்குப் பெரிய வெற்றி, சந்தேகமில்லை. இருந்தும் நான் எடுத்துப் படிப்பது கார்சனின் பழைய பக்கத்தைத்தான். நடை தளர்ந்தவளின் பேச்சு அங்கேதான் திக்கித் திக்கி வருகிறது. முழுக்கவிதையில் அவள் கொஞ்சம் சரளமாகப் பேசிவிடுகிறாள்.

இந்த ருசி எனக்குப் புறநானூற்றிலிருந்து வந்திருக்க வேண்டும். அதில் 267, 268ஆம் பாட்டுகள் இல்லவே இல்லை. பிற்பகுதிப் பாட்டுகள் பலவற்றில் அடிக்குப் பதில் புள்ளி வரிசை. கல்லூரி நாட்களில் ஆசிரியர்கள் அவற்றைத் தாண்டிப் போவார்கள், நான் அங்கேயே நின்றுவிடுவேன்.

இப்போது இரண்டு பக்கமும் கெட்டுவிட்டது. எதுவுமே தொலையாத புதுக்கவிதையில் அழகுக்காக அடைப்பு போடுகிறார்கள். அண்மையில் வாங்கிய மலிவுப் பதிப்பொன்றிலோ புறநானூற்றுப் புள்ளிகளை எடுத்துவிட்டு, முன்னடியையும் பின்னடியையும் ஒட்டி, அதற்குச் சரளமான உரையும் எழுதியிருக்கிறார்கள். வாசகருக்குக் குழப்பம் வரக்கூடாதாம்.