கலங்கல் போகுதா?

ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் மழை பிடித்தால், செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் காலை விசாரிப்பு ஒன்றுதான்: “கலங்கல் போகுதா?” ஏரி நிரம்பியதும் மிகுநீர் வழிய, கரையைவிடத் தாழ்வாகக் கட்டிய கல் கட்டு அது. சிற்றேரிகளில் அதற்குக் கதவும் கிடையாது. நீர் தானே வழியும், கரை பிழைக்கும். வழிந்தது கால்வாய் பிடித்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். நம் நிறைவு பக்கத்து ஊருக்கு வரவு. மதுராந்தகம் ஏரியின் உபரிநீர் கிளியாற்றில் சேர்கிறது. அந்த ஊர்க் கோயில் ராமருக்கே ‘ஏரி காத்த ராமர்’ என்று பெயர்.

கலங்கல் பாயும் நாளில் ஊரே கூடும். பிள்ளைகள் கெண்டை பிடிப்பார்கள். பெரியவர்கள் நவரைப் பட்டத்துக்குக் கணக்குப் போடுவார்கள். எளிய கல்லில் இவ்வளவு அறிவை வைத்தவர்களுக்கு, வரத்துக்கால்களைத் தூர்வாரிக் காப்பதே நாம் செய்யும் கைம்மாறு.