நொய்யற்கரைக்கு ஒரு நாட்டுப் படலம்

ஒரு சமயம் தான் தோன்றிய மண்ணைக் கடந்து வேற்று மண்ணில் வேர்கொள்ளும்போது இரண்டு சோதனைகளுக்கு உள்ளாகிறது. அம்மண்ணின் மொழியில் அதனால் பாட முடிகிறதா என்பது முதற் சோதனை. அம்மண்ணின் மக்கள் காலை முதல் இரவு வரை செய்யும் வேலைக்குள் அதனால் நுழைய முடிகிறதா என்பது இரண்டாவது. தமிழ் கூறும் கிறிஸ்தவர்களும் தமிழ் முஸ்லிம்களும் முதற் சோதனையில் நன்றாகவே தேறியிருக்கிறார்கள். இரண்டாவதில் நம் நிலை யாது? திருப்பூர் வட்டாரத்தை முன்வைத்து இதை ஆராய்வோம்.

கிறிஸ்தவ இலக்கியம் பற்றி இவ்விதழில் எழுதுவானேன் என்று நேயர்களிற் சிலர் வினவலாம். ஈஸா நபி (அலை) அவர்களைப் பற்றி நம் கொள்கை வேறு, அவர்கள் கொள்கை வேறு. அவ்வேறுபாட்டை மறைப்பது முறையன்று. அதை வாதிப்பது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. வெளியிலிருந்து வந்த நெறியைத் தமிழில் குடியேற்றும் பணியை இரு சமூகத்துப் புலவர்களும் ஏறத்தாழ ஒரே முறையில் செய்தார்கள். ஆகவே அவர்களுடைய நிறைகுறைகளை நோக்கினால் நம்முடையவையும் விளங்கும்.

திருப்பூரிலிருந்து அவிநாசி வழியே கோவை செல்வோர் கருமத்தம்பட்டியைக் கடந்தே செல்வர். அருகிலுள்ள சோமனூர் விசைத்தறிகளின் ஊர். கருமத்தம்பட்டிச் செபமாலை அன்னை ஆலயம் கொங்கு நாட்டுக் கத்தோலிக்கத் தலங்களுள் மிகப் பழையது; 17-ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவிகள் அங்கே சபை கண்டார்கள். பிரான்ஸ் தேசத்தவரான மரியோன் பிரெசியாக் 1846-இல் ஆயராகி, கோவைப் பகுதியின் பொறுப்பேற்று அவ்வூரில் தங்கிப் பணியாற்றினார். இம்மண்ணில் பிறந்தவர்களே இம்மண்ணின் குருமார்களாக வேண்டும் என்பது அவருடைய உறுதியான கருத்து. சாதி வழக்கங்களுக்குத் திருச்சபை எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்ற நெடுநாளைய வழக்கில் மனம் ஒப்பாமல் அவர் பதவி துறந்தார். 1856-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்கப் பணிக்கென ஒரு சபையை நிறுவி, 1859-இல் அக்கண்டத்தின் ஃப்ரீடவுன் நகரில் காலமானார். ஒரு நெறி ஓர் ஊரில் விருந்தாளியாகவே இருப்பதா, குடும்பத்தில் ஒருவராவதா என்பதே அவரை வருத்திய கேள்வி. அதே கேள்வியை இலக்கியத்திடமும் கேட்கலாம்.

தமிழ்க் கிறிஸ்தவக் காப்பியங்களுள் தலைமையானது வீரமாமுனிவரின் தேம்பாவணி. இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்த அத்துறவி 1726-இல் அதை நிறைவு செய்தார். மூன்று காண்டங்கள், 36 படலங்கள், 3615 விருத்தங்கள் கொண்ட பெருநூல் அது. அதன் நாட்டுப் படலத்தைப் படிப்போர் யூதேயாவில் மேகம் கருக்கொண்டு மழை பொழிவதையும், ஆறு பெருகிக் கழனிகளில் பாய்வதையும், செந்நெல் தலை சாய்ப்பதையும் காண்பார்கள். அது காவிரிக் கரையின் காட்சி. கம்பனிடமும் திருத்தக்கதேவரிடமும் பயின்ற கண் கண்ட காட்சி. வறண்ட குன்றுகளும் ஒலிவ மரங்களும் உள்ள பாலஸ்தீனம் அங்கே தமிழ் மருதமாகிவிட்டது.

இதைக் குறையென்று கூற நமக்கு வாயில்லை. நம் உமறுப் புலவரும் சீறாப்புராணத்தில் இதையே செய்தார். மூன்று காண்டங்களும் 92 படலங்களும் 5027 விருத்தங்களும் கொண்ட அப்பெருங்காப்பியத்தின் நாட்டுப் படலத்தில் அரபு மணல்வெளி நஞ்சை வயலாகிறது. நாற்று நடும் உழத்தியர் வருகிறார்கள். தாமரைத் தடாகங்கள் மலர்கின்றன. இரு புலவர்களும் அறியாமையால் இவ்வாறு பாடவில்லை. தம் நெறியின் புனித பூமி அயல் நாடன்று, இதுவும் உம்முடைய நாடே என்று தமிழ் மக்களுக்கு உணர்த்தவே பாடினார்கள். அந்த நோக்கம் நிறைவேறிற்று என்பதில் ஐயமில்லை.

ஆயினும் தேம்பாவணியில் நம்மை உறுத்தும் ஒன்று உண்டு. அதன் தலைவர் சூசையப்பர்; முனிவர் அவருக்கு வளன் என்று அழகிய தமிழ்ப் பெயர் சூட்டினார். நம் திருமறையில் மர்யம் (அலை) அவர்களின் பெயரால் ஓர் அத்தியாயமே உண்டு. சூசையப்பரைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. கிறிஸ்தவ மரபில் அவர் ஒரு தச்சர். மரத்தை இழைத்துக் கூலி பெற்றுக் குடும்பம் காத்தவர். தன்னேரில்லாத தலைவனையே காப்பியம் பாட வேண்டும் என்று இலக்கணம் வகுத்த மொழியில் ஒரு தொழிலாளியைத் தலைவராக்கியது மாபெரும் துணிவு. ஆனால் துணிந்த முனிவர் பாதி வழியில் இலக்கணத்துக்கு இணங்கிவிட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. தாவீது அரசரின் வழித்தோன்றல் என்ற பெருமையும் தவத்தின் பெருமையும் ஓங்கி ஒலிக்கும் அளவுக்கு உளியின் ஓசை ஒலிக்கவில்லை. மருத வயல்களைப் பாட நூறு உவமை கண்ட கவியுள்ளம், தச்சுப் பட்டறையின் மரத்தூளில் அத்தனை நேரம் தங்கவில்லை. 1955-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் என்ற போப்பாண்டவர், மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார். காப்பியம் முழுமையாகச் சொல்லாமல் விட்டதை, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் நாட்காட்டி சொல்ல வேண்டியதாயிற்று.

அன்றாட வாழ்வுக்கு இன்னும் நெருங்கி வந்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் நெல்லையில் பிறந்து, சுவார்ட்சு ஐயரிடம் கல்வி கற்று, சரபோஜி மன்னரின் அவையிலும் மதிப்புப் பெற்றவர் அவர். அவருடைய பெத்லகேம் குறவஞ்சி, கோயில் வாசல்களிலும் அரண்மனைகளிலும் ஆடப்பட்ட கூத்து வடிவத்தைக் கையாண்டது. குறி சொல்லும் குறத்தியும், கண்ணி வைத்துப் பறவை பிடிக்கும் சிங்கனும், அவனுக்குத் துணையான நூவனும் அதில் வருகிறார்கள். குறத்தி விசுவாசம், சிங்கன் குரு, நூவன் உபதேசியார், தலைவியாகிய மோகினி திருச்சபை என்று பொருள் கொள்வது மரபு.

இதில் நாம் மெச்சுவது, கூடை சுமந்து ஊர் ஊராக அலையும் ஓர் ஏழைப் பெண்ணின் வாயில் விசுவாசத்தை வைத்த நெஞ்சத்தை. குறத்திக்கு ஒரு தொழில் இருக்கிறது, நடந்து தேய்ந்த கால்கள் இருக்கின்றன, பசி இருக்கிறது. வளனுக்குக் காப்பியம் முழுமையாகத் தராத மண்வாசனையை இவளுக்குக் கூத்து தந்துவிட்டது. நாம் உடன்பட இயலாததையும் சொல்லிவிட வேண்டும். சமயப் பணியைப் பறவை பிடிக்கும் வலையாக உருவகிப்பது கேட்போரைப் பறவைகளாக்கிவிடுகிறது. அயலான் வேட்டைப் பொருளாகும்போது அவனோடு ஒரே தெருவில் வாழும் உறவு கெடுகிறது. அழைப்புப் பணி நமக்கும் கடமையே. எனினும் மார்க்கத்தில் கட்டாயம் இல்லை என்பது திருமறையின் கட்டளை. எந்தச் சமயத்தார் கையில் இருந்தாலும் வலை வலைதான்.

நம்மிடமும் குறவஞ்சி உண்டு. தக்கலை பீர் முகம்மது அப்பா அவர்கள் ஞானரத்தினக் குறவஞ்சியும் பிஸ்மில் குறமும் பாடியவர்கள். அவர்களை இங்கே நினைவூட்டுவதற்குத் தனிக் காரணம் உண்டு. அப்பா அவர்கள் தறியில் அமர்ந்து நெய்து வாழ்ந்தவர்கள் என்பது வழிவழி வரும் செய்தி. நாடா ஓடும் கையும் திக்ரு ஓதும் நாவும் ஒரே தாளத்தில் இயங்கிய வாழ்வு அது. நெசவும் பின்னலுமே உயிராகிய ஒரு வட்டாரத்தின் முஸ்லிம்களுக்கு இதைவிட நெருங்கிய முன்னோர் வேறு யார்?

இனித் திருப்பூருக்கு வருவோம். இங்கே பனியன் பின்னும் இயந்திரங்களை முதலில் கொணர்ந்தவர்கள் என்ற வரிசையில் குலாம் காதர் என்னும் முஸ்லிமின் பெயர் முன்னிற்கிறது. இன்று மதுரை, நெல்லை, தஞ்சை மாவட்டங்களிலிருந்து மட்டுமன்றி, ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்த பல்லாயிரவர் இங்கே உழைக்கிறார்கள். ஒரே லைன் வீட்டு வரிசையில் முஸ்லிம் குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பமும் இந்துக் குடும்பமும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கின்றன. ஓவர்லாக் இயந்திரத்தின் முன் அமரும் பெண் பிஸ்மில்லாஹ் சொல்லித் துணியை எடுக்கிறாள். பக்கத்து இயந்திரத்துக்காரி நெற்றியில் சிலுவைக் குறி இட்டுக்கொள்கிறாள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்புகிறார்கள். இந்த வாழ்வைப் பற்றி நம் பக்தி இலக்கியத்தில் ஒரு விருத்தமாவது உண்டா? அவர்களுடையதில் உண்டா? நாம் தேடிய அளவில் கண்டோமில்லை.

இந்த வெறுமை புலவர்களைப் பற்றிய குறை மட்டுமன்று. வேலை நேரத்துக்குச் சமயத்தில் சொல் இல்லையென்றால், சமயம் வெள்ளிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் சுருங்கிவிடும். எஞ்சிய நாட்களைக் கூலியும் கடனும் ஆளும். நம் பிள்ளைகள் மீலாது மேடையில் சீறாப்புராணத்து வயல்களை ஒப்பிக்கிறார்கள். கட்டிங் மேசையில் நிற்கும் தம் தகப்பனாரின் உழைப்பு இறைவனுக்கு உகந்த செயல் என்று அவர்களிடம் சொல்லும் பாட்டு இல்லை. சொல்வதற்குச் செய்தி இல்லாமலா? தாவூது நபி (அலை) இரும்பில் கவசம் செய்தார்கள். ஸகரிய்யா நபி (அலை) தச்சராக இருந்தார்கள் என்று நபிமொழி உண்டு. இத்ரீஸ் நபி (அலை) முதன்முதல் ஆடை தைத்தவர்கள் என்று மரபுரைகள் கூறும். நம் நாயகம் (ஸல்) அவர்களோ தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள், செருப்பைத் தாமே செப்பனிட்டுக்கொண்டார்கள். தையல்காரர்களின் ஊருக்கு இதைவிட வேறு நற்செய்தி வேண்டுமா?

மற்றொன்றும் உண்டு. பழைய நாட்டுப் படலங்கள் யாவும் ஆற்றைப் பாடின. நம் ஆறு நொய்யல். சாயப்பட்டறைக் கழிவுகள் அதில் பல்லாண்டு கலந்தன. 1992-இல் பாசனத்துக்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் பயிருக்குதவாத நீர் தேங்கியது. உழவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூட வேண்டும் என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஒளுச் செய்ய நீரைத் தேடும் நாமும், ஞானஸ்நானத்துக்கு நீரைப் புனிதமாகக் கொள்ளும் அவர்களும் இந்த ஆற்றின் கதியைச் சமயச் செய்தியாகக் கருதினோமா? மழை பெய்து ஆறு பெருகிற்று என்ற பழைய அடிகளை இங்கே மனமறிந்து பாட முடியாது. நொய்யற்கரையின் நாட்டுப் படலம் ஒரு தவ்பாவிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். அதில் முதலாளி, தொழிலாளி, முஸ்லிம், கிறிஸ்தவர், இந்து என்ற பேதமின்றி அனைவரும் சேர வேண்டியிருக்கும்.

வீரமாமுனிவரும் உமறுப் புலவரும் புனித பூமியைத் தமிழ் நிலமாக்கிக் காட்டினார்கள். அவர்கள் கடன் தீர்ந்தது. நாம் நிற்கும் நிலத்தையே இறைவன் பார்வையில் வைத்துப் பாடுவது நம் கடன். அதற்குப் பெரும் புலவர் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாலாட்டாகவோ, கும்மியாகவோ, ஒரு முனாஜாத்தாகவோ அது நம் வீடுகளிலேயே தொடங்கலாம். வேலைக்குப் புறப்படும் மகளை வாசலில் நின்று வழியனுப்பும் தாய், நாள்தோறும் தன் வாயில் வரும் துஆவை ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். நொய்யற்கரையின் நாட்டுப் படலத்துக்கு அதுவே முதல் அடியாக இருக்கலாம். உழைக்கும் கைகளுக்கும் ஓடும் ஆறுகளுக்கும் வல்ல இறைவன் அருள் புரிவானாக.