உரிமத்தின் வழக்கும் வீட்டுக்காரரின் பணமும்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கு உரிமம் வழங்குவதும், அவர்கள் மீதான புகார்களை விசாரிப்பதும் மாநில ஒப்பந்தக்காரர் உரிம வாரியத்தின் வேலை. 1929இல் தொடங்கிய அமைப்பு இது. கண்ணுக்குத் தெரியும் குறைகள் பற்றி நான்கு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும்; கட்டமைப்பில் மறைந்திருக்கும் குறைகளுக்குப் பத்தாண்டு வரை கெடு உண்டு.

எல்லாப் புகாரும் விசாரணைக்குப் போவதில்லை. சமரசத்திலும் நடுவர் தீர்ப்பிலும் எச்சரிக்கைக் கடிதத்திலும் பல முடிந்துவிடும். மிஞ்சுபவற்றில் நடுத்தரமானவற்றுக்கு அபராத ஆணை வரும். உரிமத்தையே பறிக்கத் தகுந்தவற்றுக்கு முறையான குற்றச்சாட்டு தாக்கலாகும். அபராத ஆணையை 15 வேலை நாள்களுக்குள் எதிர்க்காவிட்டால் அதுவே இறுதி. குற்றச்சாட்டுக்கும் 15 நாள்களுக்குள் பதில் தராதவர் விசாரணை கேட்கும் உரிமையை இழக்க நேரும். தபாலைப் பிரிக்காமல் போட்டு வைக்கும் ஒப்பந்தக்காரருக்கு இந்த முறையில் இரக்கம் குறைவு.

விசாரணையின் பெரிய பலம், பொறுப்புகள் பிரிந்திருப்பது. வாரியத்தின் சார்பில் வாதாடுவது மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம். வழக்கைக் கேட்பவர் தனித் துறையான நிர்வாக விசாரணை அலுவலகத்தின் நீதிபதி. சாட்சிகள் உறுதிமொழி எடுக்கிறார்கள், குறுக்கு விசாரணை நடக்கிறது. செவிவழிச் சாட்சியம் ஏற்கப்படும். ஆனால் எதிர்த்தரப்பு உரிய நேரத்தில் ஆட்சேபித்தால் அதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது. அபராத ஆணைகளுக்கு, எந்தப் பக்கம் சாட்சியம் கனக்கிறது என்று பார்த்தாலே போதும் என்று 2009இல் ஓவன் எதிர் சாண்ட்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவரின் உரிமத்தைப் பறிக்கக் கேட்கும் அழுத்தமான நிரூபணத்தை ஓர் அபராதத்துக்கும் கேட்டிருந்தால், ஒழுகும் கூரை வழக்குகளில் பாதி தோற்றுப்போயிருக்கும்.

ஆனால் அந்த நீதிபதி எழுதுவது முன்மொழிவுத் தீர்ப்பு மட்டுமே. அதை ஏற்கவோ, தண்டனையைக் குறைக்கவோ, நிராகரித்துவிட்டு விசாரணைப் பதிவுகளைப் படித்துத் தானே முடிவெடுக்கவோ வாரியத்தின் பதிவாளருக்கு அதிகாரம் உண்டு. சாட்சிகளை நேரில் பார்த்தவரின் கருத்தை, பார்க்காதவர், அதுவும் வழக்குத் தொடுத்த அமைப்பின் நிர்வாகத் தலைவர், மாற்றலாம் என்பது நெருடலானது. அந்த நெருடலை ஓரளவு சரிசெய்வது நீதிமன்றச் சீராய்வு. 30 நாள்களுக்குள் மாவட்ட அளவிலான உயர்நிலை நீதிமன்றத்தில் மனு செய்தால், ஏற்கனவே பெற்ற உரிமம் பறிபோகும் வழக்குகளில் நீதிபதி சாட்சியங்களைத் தாமே எடைபோடுவார். ஆனால் விசாரணையில் வைக்கத் தவறிய ஆதாரத்தை அங்கே புதிதாக வைப்பது மிகக் கடினம். வழக்கறிஞர் இல்லாமல் முதல் விசாரணைக்கு வந்தவர் இதை உணரும்போது காலம் கடந்திருக்கும்.

இன்னும் ஆழமான குறை வீட்டுக்காரர் பக்கம் இருக்கிறது. புகார் அவருடையது, வழக்கு வாரியத்துடையது. விசாரணையில் அவர் வெறும் சாட்சி, முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. உரிமத்தைப் பறிக்காமல் நன்னடத்தைக் காலம் விதித்தால், இழப்பீடு தருவதை அதற்கு நிபந்தனையாக்கலாம். உரிமம் பறிக்கப்பட்டாலோ, இழப்பை ஈடுசெய்தால்தான் அதைத் திரும்பப் பெற முடியும் என்ற விதி மட்டுமே மிஞ்சும். தொழிலையே விட்டுப் போகிறவரை அது கட்டுப்படுத்தாது. ஆக, ஒப்பந்தக்காரருக்குக் கடுமையான தண்டனை கிடைக்கும்போதுதான் வீட்டுக்காரரின் பணம் திரும்பும் வாய்ப்பு மங்குகிறது. உரிமத்துக்காக ஒப்பந்தக்காரர் வைக்க வேண்டிய, 2023 முதல் 25,000 டாலராக உயர்ந்த பிணைப்பத்திரமும் வீட்டுக்கு ஒன்று அல்ல. ஒரே ஒப்பந்தக்காரரிடம் ஏமாந்த அத்தனை பேருக்கும் சேர்த்து அந்தத் தொகைதான்.

பணம்தான் வேண்டும் என்பவருக்கு நிர்வாக விசாரணையைவிடச் சிவில் நீதிமன்றமே கைகொடுக்கும். தனிநபர்கள் 12,500 டாலர் வரையிலான கோரிக்கைகளைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம். கட்டட வேலை தொடர்பான அந்தத் தீர்ப்புத் தொகையை 90 நாள்களுக்குள் கட்டாமலும் வாரியத்துக்குத் தெரிவிக்காமலும் இருக்கும் ஒப்பந்தக்காரரின் உரிமத்தை, தனியாகக் குற்றச்சாட்டு எதுவும் தாக்கல் செய்யாமலே வாரியம் நிறுத்திவைக்க முடியும்.