ஐங்கோணத்தில் அவர் சறுக்கவில்லை

வட்டாரக் கணித மாநாட்டின் இரண்டாம் நாள், சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வு முடிந்து டீ குடிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னார்கள். "மேடம் ஐங்கோணத்துல மாட்டிக்கிட்டாங்க, எப்படியோ சமாளிச்சு முடிச்சிட்டாங்க." சொன்னவர்களில் அதே துறையில் முனைவர் பட்டம் வாங்கியவர்களும் உண்டு. அவர்கள் கண்ணிலேயே படவில்லை என்றால், பொன்னாடையோடு முன்வரிசையில் தூங்கியவரை எப்படிக் குறை சொல்வது?

சிறந்த ஆய்வுரைப் பரிசு யாருக்குப் போனது, யாருடைய பென் டிரைவ் திறக்க மறுத்தது, எந்த அமர்வு எவ்வளவு தாமதம் என்பதெல்லாம் இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்த கதை. எனக்கு ஒரே ஒரு முடிவைப் பற்றித்தான் பேச வேண்டும். பதினைந்து நிமிடப் பேச்சில் முதல் எடுத்துக்காட்டாக எதை எடுப்பது என்ற முடிவு. பேச்சு பிழைக்குமா சாகுமா என்பது அந்த இடத்திலேயே தீர்ந்துவிடுகிறது என்பது என் கட்சி.

அவர் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறவர். கிராஃப் லேபிளிங்கில் ஆய்வு. திருநெல்வேலி, நாகர்கோவில், மதுரைப் பக்கம் லேபிளிங் பேச்சு இல்லாமல் ஒரு கணித மாநாடு முடிவது அபூர்வம் என்பதால் அரங்கில் யாருக்கும் பின்னணி சொல்லத் தேவையில்லை. இயற்பியல் துறையிலிருந்து எட்டிப்பார்த்தவர்களுக்காக மட்டும்: ஒரு கிராஃபில் பத்துக் கோடுகள் இருந்தால், முனைகளுக்கு 0 முதல் 10 வரையுள்ள எண்களை, ஒரே எண் இரண்டு முறை வராமல், கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டின் மேலும் அதன் இரண்டு முனைகளின் வித்தியாசத்தை எழுதினால் 1 முதல் 10 வரை எல்லாம் ஒரே ஒரு தடவை வர வேண்டும். வந்தால் அது கிரேஸ்ஃபுல். 1967-இல் அலெக்சாண்டர் ரோசா எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய சமாச்சாரம். எல்லா மரங்களும், அதாவது சுற்றில்லாத தொடர்புள்ள கிராஃப்களும், கிரேஸ்ஃபுல்தானா என்ற கேள்வி இன்றுவரை தீரவில்லை. இந்தத் துறையின் கணக்குவழக்கை ஜோசஃப் காலியன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990-களின் பிற்பகுதியிலிருந்து தொகுத்து வருகிறார். அந்தத் தொகுப்பு 600 பக்கங்களைத் தாண்டிவிட்டது, அதில் நம் கல்லூரிக்காரர்களின் பெயர்கள் ஏராளம்.

வழக்கமான ஆட்டம் எப்படித் தொடங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஏழு முனைகள் கொண்ட ஒரு பாதை. 0, 6, 1, 5, 2, 4, 3 என்று மாற்றி மாற்றி எண் போட்டால், வித்தியாசங்கள் 6, 5, 4, 3, 2, 1 என்று படிக்கட்டு மாதிரி இறங்கும். அரங்கு தலையாட்டும். பிறகு வரையறை, வரையறை, தேற்றம் ஒன்று, வகை ஒன்று, வகை இரண்டு, தேற்றம் இரண்டு. பதினைந்து நிமிடத்தில் நாற்பது ஸ்லைடு. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடுகிறவர் இலையில் விழுந்ததா வேட்டியில் விழுந்ததா என்று பார்ப்பதில்லை அல்லவா, அதே ஓட்டம்.

இவர் புரொஜெக்டரை அணைக்கச் சொன்னார். சாக்பீஸ் கேட்டார். தன்னார்வ மாணவன் ஒருவன் பக்கத்து வகுப்புக்கு ஓடிப்போய் வாங்கி வந்தான். அதற்கே ஒரு நிமிடம் போயிற்று. பிறகு பலகையில் ஓர் ஐங்கோணம். மேல் முனையில் 0. அடுத்து 5. அடுத்து 1. அடுத்து 4. கோடுகளின் மேல் 5, 4, 3 என்று அழகாக விழுந்துவிட்டன. கடைசி முனைக்கு 2 போட்டார். 4-க்கும் 2-க்கும் வித்தியாசம் 2, சரி. ஆனால் 2-இலிருந்து 0-க்குத் திரும்பும் கோட்டிலும் 2. அழித்தார். 3 போட்டார். ஒரு பக்கம் 1 வந்தது. மறுபக்கம் ஏற்கெனவே வந்துவிட்ட 3. மறுபடி அழித்தார். வேறு வரிசையில் தொடங்கினார், அதுவும் கடைசிக் கோட்டில் உடைந்தது. முன்வரிசையில் ஒரு செருமல். அமர்வுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேச்சில் மூன்றில் ஒரு பங்கு காலி.

"மாட்டிக்கிட்டாங்க" என்ற தீர்ப்பு எழுதப்பட்டது இந்த நிமிடத்தில்தான். அதற்குப் பிறகு அவர் சொன்னதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சொன்னது இவ்வளவுதான். 0-இலிருந்து கிளம்பி ஐங்கோணத்தைச் சுற்றி 0-க்கே திரும்புகிறோம். ஏறியதெல்லாம் இறங்கியாக வேண்டும். ஏற்றங்களின் கூட்டுத்தொகையும் இறக்கங்களின் கூட்டுத்தொகையும் சமம் என்றால் இரண்டும் சேர்ந்தது இரட்டை எண். ஆனால் 1 முதல் 5 வரை கூட்டினால் 15. முடிந்தது. யார் எப்படி எண் போட்டாலும் ஐங்கோணம் ஒத்துக்கொள்ளாது. அறுகோணமும் அப்படியே, 21. சதுரத்துக்கு 10 என்பதால் தப்பிக்கிறது. 0, 4, 1, 2 என்று போட்டுப் பாருங்கள்.

இது ரோசா காலத்துப் பழைய விஷயம், அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். அதனால்தான் இன்னொரு கூட்டம் வேறு மாதிரி பேசிற்று: "பி.எஸ்சி. கிளாஸ் எடுக்கிறாங்க." இவர்கள் முதல் கூட்டத்தைவிட மோசம். சறுக்கிவிட்டார் என்று நினைக்கிறவருக்கு, ஒரு சோதனை நடந்தது என்பதாவது தெரிந்திருக்கிறது. இவர்களோ இதை மாணவர்களுக்குக் காட்டிய கருணை என்று எடுத்துக்கொண்டார்கள். கருணையும் இல்லை ஒன்றுமில்லை. அந்த அமர்விலேயே ஆகத் துணிச்சலான தாக்குதல் அது.

ஏன் என்று சொல்கிறேன். அவருடைய புதிய தேற்றம், இந்த ஏற்ற இறக்கத் தடை இல்லாத இடங்களிலும் லேபிள் ஏன் உட்கார மறுக்கிறது என்பதைப் பற்றியது. முதல் தடையைக் கையால் தொட்டுப் பார்க்காதவனுக்கு இரண்டாவது தடை என்று ஒன்று இருப்பதே உறைக்காது. ஜெயிக்கிற எடுத்துக்காட்டோடு தொடங்கியிருந்தால், தேற்றம் வெறும் பட்டியலில் சேர்ந்த இன்னொரு வகையாகப் போயிருக்கும். தோற்கிற எடுத்துக்காட்டோடு தொடங்கினார். பத்தாவது நிமிடத்தில் தேற்றத்தைப் பலகையில் எழுதியபோது, அரங்கு அதை ஒரு கேள்விக்கு வந்த பதிலாகக் கேட்டது. நிரூபணத்தை அவர் தொடவே இல்லை. கையிலிருந்த தாள்களை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டார். தாளை ஒருமுறை எடுத்தார், பலகையைப் பார்த்தார், திரும்ப வைத்தார். அந்த ஒரு நொடியை மறுபடி ஓட்டிப் பார்க்க வழியில்லையே என்று எனக்கு இன்னமும் வருத்தம்.

ஆதாரம் வேண்டுமா? கேள்வி நேரம்தான் ஆதாரம். நம் மாநாடுகளில் வழக்கமாக வருவது இரண்டு கேள்வி. "இதன் அப்ளிகேஷன் என்ன?" என்பது ஒன்று, "நாலாவது ஸ்லைடில் ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக்" என்பது இன்னொன்று. அன்றைக்குக் கடைசி வரிசையிலிருந்து எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "மேம், ஆறு முனை முழு கிராஃபும் கிரேஸ்ஃபுல் இல்லைன்னு படிச்சிருக்கேன். அதுக்கும் 15 கோடு. அப்ப காரணமும் இதேதானா?" பதில் உடனே வந்தது. "இல்லம்மா. அங்க ஒவ்வொரு முனையிலயும் அஞ்சு கோடு. ஒத்தப்படையா இருந்தா எல்லாக் கோட்டையும் ஒரே சுத்துல சுத்தி வர முடியாது. அதுக்குக் காரணம் வேற." அந்தக் காரணம் வேறு என்பதுதான் அவருடைய ஆய்வின் வாசல். அந்த வாசல்வரை ஒரு மாணவியைத் தானாக நடந்து வர வைத்த பேச்சை "சமாளிச்சாங்க" என்று சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

நாற்பது ஸ்லைடுக்காரரை எல்லோரும் துடிப்பான ஆட்டக்காரர் என்கிறார்கள். என் கணக்கில் அவர் ஆடுவது சுத்தத் தற்காப்பு. வேகமாகப் போனால் யாரும் எதையும் பிடித்து நிறுத்த முடியாது. பதினெட்டாவது ஸ்லைடில் சந்தேகம் வந்தவன் கையைத் தூக்குவதற்குள் இருபத்தி நான்கு வந்துவிடும். கேள்வியே வராத பேச்சுக்குத் தோல்வியும் கிடையாது. பலகையில் மெதுவாக எழுதுகிறவர் ஒவ்வொரு வரியிலும் தன்னைப் பிடித்துக்கொள்ள இடம் கொடுக்கிறார். கரும்பலகைக் கட்சிக்காரன் என்று என்னைக் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

எதை விடுவது என்பதில்தான் ஆட்டம் என்பது நேற்று வந்த ஞானமும் இல்லை. 1900-இல் பாரிஸ் மாநாட்டுக்கு 23 கணக்குகளோடு போனவர், மேடையில் 10-ஐ மட்டும்தான் சொன்னார். மீதியை அச்சுக்கு விட்டுவிட்டார். அந்தப் பேச்சு ஒரு நூற்றாண்டின் கணிதத்துக்குத் தலைப்பு கொடுத்தது. 1903-இல் நியூயார்க்கில் நடந்தது இன்னும் சுவை. எரிக் டெம்பிள் பெல் எழுதிவைத்த கதைப்படி (அவர் கொஞ்சம் உப்புக்காரம் சேர்க்கிறவர்தான்), ஒருவர் பலகைக்குப் போனார். இரண்டை 67 தடவை பெருக்கி அதில் ஒன்றைக் கழித்தார். பக்கத்தில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். இரண்டு பக்கமும் ஒரே விடை. வாய் திறக்காமல் போய் உட்கார்ந்தார், அரங்கு கைதட்டியது. அந்த மௌனத்தைத்தான் எல்லோரும் சிலாகிக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. அந்த இரண்டு காரணிகளைத் தேடிய வருடக்கணக்கான பாட்டை அவர் மேடைக்குக் கொண்டுவரவில்லை. சரிபார்க்கும் வேலையை மட்டும் சபையிடம் கொடுத்தார்.

நாமும் 1916-இலேயே இந்தியக் கணிதக் கழகத்தின் முதல் மாநாட்டைச் சென்னையில் கண்டவர்கள். இத்தனை வருடப் பழக்கம் இருந்தும், குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரை, வாழ்த்துரை, தலைமையுரை, நினைவுப்பரிசு என்று காலையைத் தின்றுவிட்டு, பதினைந்து நிமிடக்காரரிடம் "எட்டு நிமிஷத்துல முடிச்சிருங்க" என்கிறோம். அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பத்தி தாங்காது.

இனி வரப்போவது. டிசம்பர் 22 கணித நாளை ஒட்டி அடுத்த மாநாட்டு சீசன் களைகட்டும்போது ஐங்கோண நகல்கள் கிளம்பும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தோற்கிற எடுத்துக்காட்டோடு தொடங்குவது நாகரிகமாகிவிடும். பாதிப் பேர் அதில் விழுவார்கள். ஏனென்றால் தோற்றால் மட்டும் போதாது. சீக்கிரம் தோற்க வேண்டும், தோற்றதற்கான காரணம் ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். பன்னிரண்டு முனை கிராஃபை வரைந்து, ஒட்டவில்லை என்று காட்டி, ஏன் என்று கேட்டால் "கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம்" என்பார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு இந்த ஆட்டமே தப்பு என்று அதே டீக்கடைக் கூட்டம் தீர்ப்பு எழுதும்.

ஸ்லைடுகள் குறையாது, கூடும். எழுதிக் கொடுக்க இயந்திரம் வந்தபிறகு நாற்பது எண்பதாகும். இன்னொரு பக்கம், லீன் மாதிரி நிரூபணத்தை வரிவரியாகச் சரிபார்க்கும் மென்பொருள்கள் பரவப் பரவ, மேடையில் நிரூபணத்தை ஒப்பிக்க வேண்டிய கட்டாயம் தேயும். தாளைக் கவிழ்த்து வைக்கிறவர்களுக்கு அது நல்ல காலம்.

அவருக்கு? இரண்டே சீசனில் சிறப்புரைக்கு அழைப்பார்கள். ஐம்பது நிமிடம் கொடுப்பார்கள், பூங்கொத்து கொடுப்பார்கள், "துறையைப் பற்றி ஒரு ஓவர்வியூ மாதிரி பண்ணுங்க மேடம்" என்பார்கள். அவரும் மறுக்க முடியாமல் செய்வார். அந்தப் பேச்சு சுமாராகத்தான் இருக்கும். அன்றைக்கு நான் அமைப்பாளர்களைத்தான் திட்டுவேன். அவரை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

என் பணத்தை நான் கட்டுவது கடைசி வரிசை மாணவி மேல். மூன்று நான்கு வருடத்தில் அவளும் பேச வருவாள். ஆறு முனை முழு கிராஃபோடுதான் தொடங்குவாள், வழிகாட்டி வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டாள். பதினைந்து கோடுகளை வரையவே நேரம் பிடிக்கும். 15 வேண்டும் என்றால் 0-உம் 15-உம், 14-க்கு 1, 13-க்கு 13, 11-க்கு 4 என்று எண்கள் ஒவ்வொன்றாக வேறு வழியில்லாமல் வந்து உட்காரும், 10 எங்கே வரும் என்று தேடும்போதுதான் கதவடைப்பது தெரியும். அவள் 11-க்கு வரும்போதே தலைவர் மணியடித்துவிடுவார். முதல் தடவை அப்படித்தான் போகும். இரண்டாம் தடவை அவள் கோடுகளை வரையவே மாட்டாள், எண்களை மட்டும் எழுதுவாள்.